மேற்படிப்பு மாணாக்கரும் தர்ம உண்டியலும்

புயலோ வெள்ளமோ வந்த மறுநாளே நமது செஞ்சிக் கடைவீதியில் உண்டியல்கள் புறப்பட்டுவிடுவது வழக்கம். பள்ளிப் பிள்ளைகளும், கலாசாலையில் முதல் இரண்டு வகுப்புகளில் படிக்கும் இளைஞர்களும் தகர டப்பாவுக்குக் காகிதம் ஒட்டி எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வியாபாரிகள் முகஞ்சுளிக்காமல் கொடுக்கிறார்கள். நெல் விற்கவந்த குடியானவனும் மடியிலிருந்து பத்து ரூபாயை எடுத்துப் போடுகிறான். அப்பணம் எங்கே போயிற்று, எத்தனை குடும்பங்களுக்கு என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பாரில்லை. கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர் அநேகமாய் இரார். இக்காட்சியில் ஒருவரை மட்டும் காண்பது அரிது. எம். ஏ., எம். எஸ்ஸி., எம். காம். படிப்பவரும், அதற்கு மேலே ஆராய்ச்சி செய்பவருமான மேற்படிப்பு மாணாக்கரையே குறிப்பிடுகிறோம். கணக்கெழுதவும் காரணம் ஆராயவும் பயிற்சி பெற்றவர் அவர். அவ்விரண்டும் இல்லாமையாலேயே நமது தர்மம் தளர்ந்து நிற்கிறது.

இதைக் கூறுவதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் நின்று கொட்டிற்று. நமக்கு அயலூரான மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை கரை புரண்டு, அரசூரருகே சென்னை - திருச்சி ராஜபாட்டையே துண்டிக்கப்பட்டது. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் 7 உயிர்கள் போயின. அந்நாட்களில் மாணாக்கர் செய்த தொண்டைக் குறைத்துப் பேசுவது நமது நோக்கமன்று. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், அரிசியும் பாயும் போர்வையுமாக வந்து குவிந்தவற்றைப் பிரித்துக் கட்டியவர்களில் இளைஞர்களே மிகுதி. கைகளுக்குக் குறைவில்லை. அக்கைகளுக்கு வழிகாட்டும் படிப்பாளியைத்தான் காணோம்.

அவரைக் குறைசொல்லுமுன் அவருடைய நிலைமையைக் கவனிக்கவேண்டும். செஞ்சியைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளை எம். ஏ. படிக்கவேண்டுமானால் விழுப்புரத்துக்கோ, திண்டிவனத்துக்கோ, திருவண்ணாமலைக்கோ, புதுச்சேரிக்கோ, சிதம்பரத்துக்கோ பஸ் ஏறுகிறான். பெண்களும் அப்படியே. காலையில் போய் இருட்டிய பின் திரும்புகிறவர் படிக்கும் ஊருக்கும் சொந்தமல்ல, பிறந்த ஊருக்கும் பயனல்ல என்று ஆகிவிடுகிறார். கலாசாலை விழாக்களில் மேடையேறுகிறவர்கள் இளங்கலை மாணாக்கர்கள். மேற்படிப்புக்காரர் பின்வரிசையில் உட்கார்ந்து பஸ்ஸுக்கு நேரமாயிற்றா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

சர்க்காரின் ஏற்பாடுகளும் அவரை மறந்தேயிருக்கின்றன. காந்தியடிகளின் நூற்றாண்டு நினைவாக 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி 37 சர்வகலாசாலைகளில் ஏறக்குறைய 40,000 மாணாக்கர்களோடு தொடங்கப்பெற்றது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் தொண்டு செய்யவேண்டும் என்பது அதன் விதி. நல்ல விதிதான், ஆனால் அதில் சேர்க்கப்படுவோர் பெரும்பாலும் இளங்கலையின் முதலிரண்டு வகுப்பினரே. உதவித்தொகை விஷயமும் இவ்வாறே. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் கொடுப்பது முதற்பட்டம் பெறும் வரையில்தான். தேசியப் பரீக்ஷையில் தேறி ஆராய்ச்சிக்குப் போகும் சிலருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. இடையிலுள்ள எம். ஏ. வகுப்பினருக்கு இவ்விரண்டு வாசல்களும் அடைபட்டிருக்கின்றன. இவர்களில் பலர் தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கலாசாலை வாசலை மிதித்தவர்கள். தர்மம் செய்யவேண்டியவர் யார், பெறவேண்டியவர் யார் என்பதே இவர்கள் விஷயத்தில் சந்தேகமாயிருக்கிறது.

ஆகையால் நாம் இவர்களிடம் பணத்தை எதிர்பார்க்கவில்லை. டிக்கெட்டு விற்கவும் சொல்லவில்லை. இந்த டிக்கெட்டு விஷயத்தைச் சற்று விரித்தே சொல்லவேண்டும்.

நிதி திரட்டுவதற்கென்று கலாசாலைகளில் கலை இரவு, பாட்டுக் கச்சேரி, நாட்டிய விழா என்று நடத்துவது இக்காலத்து வழக்கமாயிருக்கிறது. கணக்குக்காக ஒன்றை எண்ணிப் பார்ப்போம். 200 ரூபாய் டிக்கெட்டு 500 விற்றால் வசூல் ஒரு லட்சம். மேடை, பந்தல், ஒலிபெருக்கி, வர்ண விளக்கு, பாட வந்தவருக்குச் சன்மானம், வண்டிச் சத்தம், பொன்னாடை எல்லாமாக 80,000 போயிற்றென்று வைத்துக்கொண்டால், அநாதை ஆசிரமத்துக்குப் போவது 20,000. அதாவது 200 ரூபாய் கொடுத்தவன் 40 ரூபாய்க்குத் தர்மம் செய்து 160 ரூபாய்க்குப் பாட்டுக் கேட்டான். பாட்டுக் கேட்பது பாவமன்று. ஆனால் 200 ரூபாயும் தர்மத்துக்குப் போயிற்று என்று அவனை நம்பவைப்பது தர்மமாகாது. டிக்கெட்டின் மேலேயே, இவ்வளவு செலவுக்கு, இவ்வளவு நிதிக்கு என்று அச்சிடுவதில் என்ன நஷ்டம்? கூட்டம் குறையும் என்பார்கள். குறையட்டும், குறைகின்ற அளவுக்குப் பொய்யும் குறைந்ததாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் பென்ஸில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலை மாணாக்கர்கள் 1973 முதல் ஆண்டுதோறும் ஒரு நாட்டியம் நடத்துகிறார்கள். 46 மணி நேரம் உட்காராமலும் உறங்காமலும் நிற்பது அதன் நியமம். புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்காக 2025-இல் அவர்கள் திரட்டியது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். நம்மவர் இதைக் கேட்டவுடன் நாட்டியத்தைக் கவனிப்பார்கள். நாம் கவனிக்கச் சொல்வது, கடைசி நாளில் அத்தொகையைச் சபை நடுவே டாலருக்குக் கீழ்ப்பட்ட சில்லறை வரையில் தூக்கிக் காட்டுகிறார்களே, அதை.

அது செல்வம் கொழிக்கும் தேசத்தின் காரியம் என்று தள்ளவேண்டாம். 1924-இல் மலையாளத்தைப் பெருவெள்ளம் அழித்தபோது காந்தியடிகள் தமது பத்திரிகைகள் வாயிலாக நிதி கேட்டார். நகையைக் கழற்றிக் கொடுத்த பெண்களும், பாலையும் ஒருவேளை உணவையும் விட்டு மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்களும் இருந்தனர். சேர்ந்த தொகையாகச் சொல்லப்படுவது 6,994 ரூபாய் 13 அணா 3 பைசா. அந்த 3 பைசாவை விடாமல் எழுதி வைத்தார்களே, அதில் இருக்கிறது ஜனங்களின் நம்பிக்கை. ஏழாயிரம் என்று முழுத்தொகையாய்ச் சொல்லியிருந்தால் கேட்பதற்கு நன்றாயிருந்திருக்கும். பட்டினி கிடந்து 3 பைசா கொடுத்தவனுக்கு மட்டும் நன்றாயிருந்திராது.

சட்டம் கூறுவதும் இதுவேயாம். ஒரு காரியத்துக்கென்று பிறரிடம் வாங்கிய பணம் வாங்கியவனுடையதாகாது. அது அவனிடத்தில் ஒப்படைக்கப்பட்டது. அதை வேறுவழியில் வேண்டுமென்றே திருப்பினால் நம்பிக்கை மோசடி. பழைய பீனல் கோடில் இருந்த இக்குற்றம் 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் நியாய ஸம்ஹிதையில் 316-ஆவது பிரிவாக நிற்கிறது. உண்டியல் ஏந்தும் பிள்ளைகளுக்குத் தீய எண்ணமில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் இப்போது தகர டப்பாவுக்குப் பதிலாகக் கைப்பேசிக்குக் காட்டும் க்யூ. ஆர். அட்டை வந்துவிட்டது. அந்த அட்டை யார் பெயரிலுள்ள பாங்கிக் கணக்குக்குப் பணத்தை அனுப்புகிறது? ஒரு மாணாக்கனின் சொந்தக் கணக்குக்கானால், அவன் வீட்டுக் கடன் தவணையும் வெள்ள நிதியும் ஒரே பெட்டியில் கலந்துகிடக்கும். அவன் யோக்கியனாகவே இருந்தாலும் அதை நிரூபிப்பது எங்ஙனம்? தனிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, வரிசை எண்ணிட்ட ரசீது, வாரமொருமுறை தணிக்கை. எம். காம். வகுப்பில் இரண்டு வருஷம் இதைத்தானே படிக்கிறார்கள்? பரீக்ஷைத் தாளில் எழுதுவதை ஊர்ப் பணத்தில் ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

நிற்க, கணக்கு பாதிக் காரியமே. மற்றப் பாதியைப் பற்றி நமது தேசத்தில் ஓர் அரிய முன்னுதாரணம் உண்டு. 1922-இல் வட வங்காளம் வெள்ளத்தில் மூழ்கியது. அன்றைய சர்க்கார் செய்தது போதாதென்று கண்ட ரஸாயனப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் வங்காள நிவாரணக் கமிட்டியை நிறுவினார். கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கலாசாலையே அதற்குத் தலைமை நிலையமாயிற்று. குடுவைகளும் அடுப்புகளும் இருந்த இடத்தில் துணி மூட்டைகளும் அரிசி மூட்டைகளும் ஏறின. பணமும் பண்டமுமாக ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய் சேர்ந்தது. அக்காலத்து 25 லட்சம். ஐ. ஸி. எஸ். உத்தியோகத்தை உதறிவிட்டு வந்திருந்த சுபாஷ் சந்திர போஸ் சாந்தாஹாரில் தங்கி வேலையை நடத்தினார். மேகநாத ஸாஹா அக்கமிட்டியில் உழைத்தார்.

இந்த ஸாஹாவின் கதைதான் நமக்கு முக்கியம். வானசாஸ்திரத்தில் உலகப் புகழ்பெற்ற அவர், 1913-இல் தாமோதர் நதி பெருகியபோது மாணாக்கராயிருந்து நிவாரணத் தொண்டு செய்தவர். அரிசி மூட்டை சுமந்தவர் அதோடு நின்றிருந்தால் ஆயிரத்தில் ஒருவராயிருந்திருப்பார். இந்நதி ஏன் இப்படிப் பெருகுகிறது, ரயில் பாதைக்கும் சாலைக்கும் போட்ட கரைகள் தண்ணீரை எங்கே தடுக்கின்றன, மேல்மலையில் பெய்வது கீழ்ச்சமவெளிக்கு எத்தனை நாழிகையில் வருகிறது என்ற கேள்விகள் அவரை விடவில்லை. ஆற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்றே நிலையங்கள் வேண்டுமென்று பல்லாண்டுகள் எழுதினார். 1943-இல் தாமோதர் மீண்டும் பெருகியபின் அமைந்த விசாரணைக் குழுவில் அங்கம் வகித்தார். 1948-இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பொரேஷன் பிறந்தது. அவ்வணைகளால் வீடிழந்தோரின் துயரம் வேறொரு நீண்ட கதை. அதை மறைத்துப் புகழ நாம் விரும்பவில்லை. ஆனால் உண்டியல் ஏந்தும் தொண்டுக்கும் படித்தவன் செய்யக்கூடிய தொண்டுக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாய்க் காட்டும் வரலாறு நமக்குத் தெரிந்தவரையில் இல்லை.

ஆங்கிலேயரிடத்திலும் இத்தகைய வழக்கம் உண்டு. லண்டனின் ஏழைப் பகுதியில் 1884-இல் ஏற்பட்ட டாயின்பி ஹாலில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் குடியிருந்து அண்டை அயலாரின் கஷ்டங்களை நேரில் கற்றார்கள். பெவரிட்ஜ் அங்கே உதவித் தலைவராயிருந்தார், அட்லி காரியதரிசியாயிருந்தார். முன்னவர் 1942-இல் எழுதிய அறிக்கையைப் பின்னவருடைய சர்க்கார் 1945-க்குப் பின் சட்டங்களாக்கிற்று. ஏழையின் வீட்டுக்குள் போய்வந்த படிப்பாளி அதிகாரத்துக்கு வந்தால் இவ்வாறு நேர்வதுண்டு. நம்மை ஆண்டவர்களிடமிருந்து கற்கக்கூடாதென்று ஒன்றுமில்லை. மதுவையும் மமதையையும் கற்றுக்கொண்டோம், இதையும் கற்கலாம்.

இனிச் செஞ்சிக்கு வருவோம். இங்கே மேற்படிப்பு மாணாக்கருக்குக் காத்திருக்கும் வேலை எது?

ஃபெஞ்சல் புயலுக்குப் பின் விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஜில்லாக்களில் ரேஷன் அட்டைக்கு 2,000 ரூபாய் வீதம் சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. அட்டை வைத்திருப்பவருக்குச் சரி. அட்டையில்லாதவர் கதி என்ன? இப்பக்கத்தில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களில் பட்டாவோ, ஜாதிச் சான்றோ, ரேஷன் அட்டையோ இல்லாமல் அல்லல்படுவோர் உண்டு. வெள்ளம் முதலில் நுழைவது அவர்கள் குடிசையில். நிவாரணம் கடைசியில் வருவதும் அங்கேதான், வந்தால். உண்டியல் பணத்தில் வாங்கிய பொட்டலமும் பெரும்பாலும் சாலையோரத்துத் தெருக்களோடு நின்றுவிடுகிறது. லாரி போகுமிடம் வரையில் போகிறது. எந்தக் குடியிருப்பில் எத்தனை குடும்பம், எவருக்கு எந்தக் காகிதம் இல்லை, எந்த மனு எந்தக் கச்சேரியில் எத்தனை மாதமாய்த் தூங்குகிறது என்று வீடு வீடாகச் சென்று எழுதி வைத்த பட்டியல் ஒன்றிருந்தால், அடுத்த புயலின்போது அது நூறு உண்டியல்களுக்குச் சமானம். புயலே வராவிட்டாலும் தாசில்தார் மேஜையில் அதற்கு வேலையுண்டு.

இது நடவாத காரியம் என்பாருக்கு அருகிலேயே விடையிருக்கிறது. திண்டிவனம் அரசினர் கலாசாலையில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ஸ்ரீ பிரபா. கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கண்டு, சான்றிதழுக்கும் நீதிக்குமாகப் பல்லாண்டுகளாய்ப் போராடிவருகிறார். பௌதிகத்துக்கும் இருளர் குடிசைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஒரு பேராசிரியர் செய்ததில் பத்திலொன்றை ஐம்பது எம். ஏ. மாணாக்கர்கள் சேர்ந்து செய்யலாகாதா?

வேறு வேலையும் உண்டு. செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி வீடூர் அணையைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கத்தில் கடலடைகிறது. எந்த ஏரியின் கலங்கல் அடைபட்டிருக்கிறது, எந்த வாய்க்காலின்மேல் கட்டடம் எழுந்திருக்கிறது என்பதை பூகோளம் படிக்கும் மாணாக்கர் நடந்து சென்று படமாக வரையலாம். இதற்கு வெளியூர் நிபுணர் வரவேண்டியதில்லை. வரலாறு படிப்பவருக்கோ கோட்டையே பாடம். 2025 ஜூலையில் மராட்டியரின் ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று; மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. வருகிறவர்களெல்லாம் ராஜகிரியை அண்ணாந்து பார்க்கிறார்கள். கீழே நிற்கும் களஞ்சியத்தையும் குளங்களையும் பார்ப்போர் குறைவு. 1690 முதல் 1698 வரையில் மொகலாயர் முற்றுகை ஓயாமலும் ஓய்ந்துமாய் இழுத்தது. மலை எவ்வளவு உயரமானாலும் உள்ளே தானியமும் தண்ணீரும் இல்லாமல் ஒரு மாதமும் தாங்கியிராது. முற்றுகை வருமுன் களஞ்சியத்தை நிரப்புவதென்பது இந்த ஊர்க்காரருக்குப் புதிய யோசனையன்று. நாமோ கூரை பறந்த பிறகே உண்டியலைத் தேடுகிறோம்.

மாணாக்கர் படிப்பைக் கவனிக்கவேண்டும், பொதுக்காரியத்தில் இழுத்தால் கட்சிக்காரர்கள் கையில் சிக்குவார்கள் என்ற ஆக்ஷேபணை பழையது. அதில் உண்மையில்லாமல் இல்லை. உண்டியலின் பின்னால் கட்சிக்கொடியும் தலைவர் படமும் வருவதை நாம் காண்கிறோம். ஆனால் வரிசை எண்ணிட்ட ரசீதும் வெளியிடப்பட்ட கணக்கும் இருக்குமிடத்தில் அக்கொடிக்கு அதிகச் செல்வாக்கு இராது. கணக்கைக் கண்டு ஒதுங்குகிறவர் ஒதுங்கட்டும். சர்க்காரின் கடமையை ஜனங்கள் தலையில் சுமத்துவதாகும் என்று வேறு சிலர் சொல்வர். சர்க்கார் தன் கடமையைச் செய்ததா என்று கேட்பதற்கே பட்டியல் வேண்டும். வெறுங்கையோடு கேட்டால் அதிகாரிகள் பதில் சொல்லிப் பழகியிருக்கவில்லை.

2021 முதல் நமது ஜில்லாவின் கலை விஞ்ஞானக் கலாசாலைகள் அண்ணாமலை சர்வகலாசாலையின் ஆளுகையில் இருக்கின்றன. எம். ஏ. பட்டத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் வழக்கம் பல வகுப்புகளில் இருக்கிறது. பழைய புத்தகங்களைப் பார்த்துப் புதிய புத்தகம் எழுதுவதற்குப் பதிலாக, ஒரு கிராமத்தின் வெள்ளப் பட்டியலையோ ஒரு நிதியின் தணிக்கையையோ அக்கட்டுரையாக ஏற்றுக்கொள்ள சர்வகலாசாலையார் உத்தரவிடலாம். பஸ் ஏறிப் போகும் பிள்ளை விடுமுறை நாளில் தன் ஊரிலேயே இருந்து செய்யக்கூடிய பாடம் அது. செலவு அதிகமில்லை, கலாசாலை விழாவின் ஒருநாள் விளக்குச் செலவில் பத்துப் பேருக்கு பஸ் சத்தம் கொடுக்கலாம். திரட்டும் நிதியில் ஒரு பகுதியை, பரீக்ஷைக் கட்டணம் கட்ட இயலாத எம். ஏ. மாணாக்கருக்கே ஒதுக்கினாலும் நாம் ஆக்ஷேபிக்கமாட்டோம், அதையும் டப்பாவின் மேலேயே எழுதிவிடுவார்களானால்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னிருக்கும் கோடை விடுமுறையிலேயே, மேற்படிப்புப் படிக்கும் செஞ்சித் தாலுகா இளைஞர்களும் பெண்களும் ஒருநாள் கூடி, யார் எந்த ஊரை எழுதுவது என்று பங்கிட்டுக்கொள்ளவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். சென்ற புயலில் திரட்டிய நிதிகளின் வரவு செலவு யாரிடமாவது இருந்தால் முதலில் அதை வெளியிடட்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் வாசலில் அக்கணக்கை ஒட்டி வைத்தால், அன்று மடியவிழ்த்துப் பத்து ரூபாய் போட்ட குடியானவன் தன் மூட்டையை இறக்கிவிட்டு நின்று படித்துக்கொள்வான்.